எடைக்கல்லார் அளந்த சோறு

கடைத்தெருத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். அவர் தலை தெரிந்தால் மீன்காரி முதல் நகைக்கடை முதலாளி வரை எழுந்து நிற்பார்கள். பத்து கிராம் குறைந்தாலும் தராசு பறிமுதல். எடைக்கல்லார் என்று கடைக்காரர்கள் கேலியாக வைத்த பெயரை, மனுஷன் பட்டம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இருபத்தாறு வருஷமாக அவருக்கு வடித்துக் கொட்டிய மனைவிக்கு அந்த நெஞ்சைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

சர்க்கரை ஏறி, இடது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை. டாக்டரம்மா கறாராகச் சொன்னார்.

"வேளைக்கு ஒரு கப் சோறு. தட்டுல பாதி காய்கறி. மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."

மறுநாளே எடைக்கல்லார் ஒரு எவர்சில்வர் கப்பை ஆபீசுக்கு எடுத்துப்போய்ச் சரிபார்த்து, உள்ளே கோடு கீறிக் கொண்டுவந்தார். சமையலறைக்குள் புகுந்து, அரிசி டப்பாவில் கப்பை முக்கி, தலைதட்டி அளந்தார்.

"இது எனக்கு மட்டும். ஒரு மணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"ஏங்க, டாக்டரம்மா சொன்னது வெந்த சோறு. இது வெந்தா மூணு கப் ஆகுமே."

"அளவைப் பத்தி எனக்கே பாடமா? போய் உலையை வை."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் உலையை வைத்தாள். பட்டுத் தெரியட்டும் என்று அன்றைக்கே வாயை மூடிக்கொண்டாள்.

தட்டில் பாதி காய்கறி என்றார்கள் அல்லவா? அந்தப் பாதியை உருளைக்கிழங்கு வறுவலால் நிரப்பினார் மேதை. கிழங்கும் சோற்றுக்கு அண்ணன் தம்பிதான் என்பது சமையல் செய்கிறவளுக்குத் தெரியும். கேட்டால்தானே சொல்வாள்? குவித்த சோற்றையும் கிழங்கையும் வழித்துத் தின்றுவிட்டு, "பத்தியம்னா இப்படி இருக்கணும்" என்று ஏப்பம் விடுவார். புண்ணை விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட நாக்கைக் கட்டுவது எப்படி என்று அரை மணி நேரம் பேசினார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று மனசுக்குள் காறித் துப்பினாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. எடைக்கல்லார் துள்ளினார்.

"உங்க மெஷின் தப்பு. கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?"

"மெஷின் இருக்கட்டும். எவ்வளவு சாப்பிடுறீங்க?"

பையிலிருந்து கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். "முத்திரை போடாத குறைதான். தினமும் இதுல தலைதட்டி அளந்து போடுறேன்."

"எதை? சோறா, அரிசியா?"

அவர் வாய் திறந்தபடி நின்றது. விரலைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். இந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று மாதமாக அவள் காத்திருந்தாள். வயிறு குளிர்ந்தது.

டாக்டரம்மா புண்ணை அழுத்திப் பார்த்தார். விரல் கறுத்திருந்தது. வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்று சீட்டில் எழுதிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

"சமைக்கிறது நீங்கதானே? உங்களுக்குமா தெரியலை?"

"தெரியும் டாக்டர். சொன்னேன்" என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து.

"எத்தனை தடவை சொன்னீங்க?"

அவர் கை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. சின்னப் பிள்ளை பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"ஒரு தடவை" என்றாள்.