சுனௌலிக்கு அந்தப் பக்கம்

ஜனகராஜ் எட்டு வருஷமாக மதுரையிலிருந்து நேபாள எல்லை வரை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லை வரை மட்டும்தான். மகால் அரண்மனையைச் சுற்றியுள்ள பந்தடித் தெருக்களில் இருந்து சௌராஷ்டிரக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து முக்திநாத யாத்திரை கிளம்பும்போது, காசி, கோரக்பூர் வழியாகச் சுனௌலி என்ற எல்லை ஊரில் கொண்டுபோய் இறக்குவார். அங்கே நேபாளத்து வண்டி ஒன்று காத்திருக்கும். எல்லாரும் அதில் ஏறி, முக்திநாத மலைக்குப் போகும் வழியில் உள்ள பொக்காரா போய்விடுவார்கள். ஜனகராஜ் லாட்ஜில் படுத்துக்கொண்டு, வேனைக் கழுவி, டயருக்குக் காற்றுப் பிடித்து, ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று நாளைத் தள்ளுவார்.

திரும்பி வருகிறவர்கள் கோரக்பூர் வரும்வரை வாயை மூடமாட்டார்கள். மலை சுவர் மாதிரி எழுந்து நின்றதாம், ஆறு காலுக்குக் கீழே கயிறு போல ஓடியதாம். எல்லாரையும் விட அதிகமாக அளப்பது சமையலுக்கு வரும் சீனியம்மாள்தான்.

“சட்டி கழுவுற நானு அஞ்சு தடவ பாத்துட்டேன். இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்து நீ இன்னும் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிற” என்று ஒவ்வொரு வருஷமும் குத்திக்காட்டுவாள்.

அவருக்கும் தாண்டிப் போக ஆசைதான். எல்லையில் வரி கட்டிச் சீட்டு வாங்கினால் நம் வண்டியே உள்ளே போகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மலையில் வழி தெரியாத டிரைவரை நம்பிப் பன்னிரண்டு பேர் உட்காரமாட்டார்கள். யாத்திரையை நடத்துகிற ரவிசங்கர், கோச்சடையில் வீடும் மாசி வீதியில் சேலைக்கடையும் உள்ளவர், அந்தப் பேச்சை எடுத்தாலே சிரித்துவிடுவார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், புரட்டாசியில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போனும் கார் டேப்பும் விற்கிற மெர்வின் கூப்பிட்டு அனுப்பினான். சாட்டிலைட்டைப் பார்த்து வழி சொல்லும் பெட்டி வந்திருக்கிறது, கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும், எந்த ஊர் சந்துக்கும் கூட்டிப்போகும் என்றான். ஜனகராஜ் அப்போதே வேனைக் கிளப்பினார். நேரே ரவிசங்கரிடம் போய்ச் சொன்னார். ரவிசங்கர் முதலில் நம்பவில்லை. பிறகு, சரி, என் கண்ணுக்கு முன்னால் ஓட்டிக்காட்டு, பெட்டி சொல்கிற வழி சரியாக இருந்தால் இந்தத் தடவை உன் வேனிலேயே பொக்காரா போவோம், இல்லையென்றால் வழக்கம்போல நேபாள வண்டிதான் என்று முடிவாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மெர்வின் இரண்டு பெட்டிகளோடு வேனில் ஏறினான். ஒன்று பெரியது, கைக்குட்டை அகலத் திரை, வழவழவென்று கறுப்பு. இன்னொன்று சின்னது, சோப்பு டப்பா அளவு. அதில் சென்னை நண்பன் ஒருவன் நேபாளம் வரைக்கும் வரைபடம் ஏற்றிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். இரண்டையும் கண்ணாடியில் ஒட்டினார்கள். ஜனகராஜும் ரவிசங்கரும் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு மெர்வினுக்காகத் தமிழில் பேசினார்கள்.

பெரிய பெட்டி பிரமாதப்படுத்தியது. நாலு மாசி வீதியையும் பெயர் சொல்லிக் காட்டியது. ஒருவழிப் பாதை எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. மேலூர் வரை ஓட்டிப் போனார்கள்; பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் வரும் என்பதை முந்நூறு மீட்டர் இருக்கும்போதே இங்கிலீஷ் பெண்குரல் சொன்னது. ஜனகராஜ் பிறந்ததிலிருந்து போய்வருகிற மேலூர்தான். ஆனாலும் அது சரியாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள்.

சின்ன பெட்டி மானத்தை வாங்கியது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெரிய சாலைகள் மட்டும்தான். ஊருக்குள் நுழைந்ததும் திரை வெறிச்சென்று ஆகிவிட்டது. கோச்சடையில் ரவிசங்கர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, பெரிய பெட்டி வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவித்தது. சின்ன பெட்டியில் அம்புக்குறி நீலப் பட்டைமேல் நின்றது.

“என்னடா மெர்வின், இது நம்மள வைகை ஆத்துக்குள்ள எறக்கி விட்டிருக்கு” என்றார் ரவிசங்கர்.

“ஆத்துல தண்ணியில்லண்ணே, பயப்படாதீங்க” என்றான் மெர்வின்.

ரவிசங்கர் வாசலில் நின்றபடியே பெரிய பெட்டிதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஜனகராஜ் அதற்கு முன்பே மனசுக்குள் சொல்லிவிட்டார். மெர்வின் இரண்டையும் அவரிடமே விட்டுவிட்டு, திங்கட்கிழமை வந்து வேண்டாததை எடுத்துக்கொள்கிறேன், கீறல் கறை மட்டும் படாமல் வைத்திருங்கள் என்று சொல்லிப் போனான்.

மறுநாள் ஆயுத பூஜை. ஜனகராஜ் வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்க வாசலுக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி பத்மாசினி ஜாக்கி, ஸ்பானர், வீல் திருகி, தன் தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். பெரிய பெட்டி மேஜைமேல் இருந்தது. இனி நம் பிழைப்புக்கு வழிகாட்டப் போவது இதுதானே என்று திரையின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து ஒரு பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம், ஓரத்தில் இரண்டு பூ. சின்னதை அவள் சீந்தவில்லை. ஜனகராஜ் அதை வேனிலேயே மறந்து வைத்திருந்தார்.

சாயங்காலம்தான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. மாசி வீதியைக் கேட்டோம், மேலூரைக் கேட்டோம், கோச்சடையைக் கேட்டோம். பொக்காராவை ஒருத்தருமே கேட்கவில்லையே. பெட்டியை எடுக்கப் போனார். பத்மாசினி கையைத் தட்டிவிட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. கத்தரிக்கோலைக்கூட நான் தொடவில்லை, உங்களுக்கு என்ன அவசரம் என்றாள். அவரும் எட்டு வருஷம் பொறுத்தவர்; ஒரு ராத்திரிதானே என்று இருந்துவிட்டார்.

விஜயதசமி காலை தீபாராதனை முடிந்ததும் பெட்டியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். திரை ஓரத்து இடுக்கில் மஞ்சளாகத் தங்கியது போகவில்லை. ஆன் செய்து, பொக்காரா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அப்படி ஓர் ஊர் இல்லை என்றது. வரைபடத்தை விரலால் வடக்கே தள்ளினார். கோரக்பூர் வந்தது. சுனௌலி வந்தது. அதற்கு மேலே வெளுத்த வேட்டி மாதிரி வெள்ளை.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே மெர்வின் வந்துவிட்டான். பின்னாலேயே ரவிசங்கரும் வந்தார், புறப்படும் நாளை உறுதி செய்ய.

ஜனகராஜ் மறைக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். ரவிசங்கர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நேபாள வண்டிக்குப் போன் பண்ணிவிடலாம் என்றார். அவர் செல்போனை வெளியே எடுத்ததைப் பார்த்ததும் ஜனகராஜ் எழுந்து ஓடினார். வேனிலிருந்து சின்ன பெட்டியோடு வந்தார்.

“ஆத்துக்குள்ள விட்டதா? வேணாம்ப்பா” என்றார் ரவிசங்கர்.

“அண்ணே, சுனௌலி வரைக்கும் எனக்கு எந்தப் பெட்டியும் வேணாம். அந்த ரோட்டுல பள்ளம் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியும். தெரிஞ்ச ரோட்ட வச்சே ரெண்டையும் பரீட்ச பண்ணிட்டோம். தெரியாத ரோட்டப் பத்தி இதுகிட்ட கேப்போம்.”

“அந்த ரோடு இது சொல்றாப்லதான் இருக்குன்னு யாரு சொல்றது? நீ போயிருக்கியா?”

“நீங்க போயிருக்கீங்கள்ல.”

ரவிசங்கர் செல்போனைக் கீழே வைத்தார். வண்டி நகராமலே வழியை ஓட்டிக்காட்டுகிற வசதி அதில் இருந்தது. மெர்வின் சுனௌலியிலிருந்து பொக்காரா என்று போட்டுக் கொடுத்தான். அம்பு கிளம்பியது. மூன்று தலையும் சோப்பு டப்பா அளவுத் திரைமேல் கவிழ்ந்தன. பத்மாசினி நாலாவதாக வந்து எட்டிப் பார்த்தாள்.

பைரவா தாண்டியது. கோடு நேராகவே போனது. புட்வல் வந்ததும் மலை ஆரம்பிக்கணும், பார்ப்போம் என்றார் ரவிசங்கர். புட்வல் வந்தது. நேர்க்கோடு சட்டென்று சுருண்டு, நெளிந்து, பிழிந்துபோட்ட துணிபோல மடிந்து மடிந்து ஏறியது. ரவிசங்கர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். பால்பா ஊர் மேலே இருக்கும், நாம் ஊருக்குள் போகமாட்டோம், ஒதுங்கிப் போவோம் என்றார். அம்பு ஒதுங்கிப் போனது. அதற்கப்புறம் இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் கண்டகி ஆறு குறுக்கே வரும் என்றார். குரல் ஏறிவிட்டது. நீலப் பட்டை ஒன்று திரையின் மேற்புறத்திலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அம்பு அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் போனது.

“பாலம்… இந்தப் பாலத்துலதான் நிறுத்தி எங்கம்மா சொம்புல தண்ணி புடிச்சாங்க” என்றார் ரவிசங்கர். பிறகு அவரே, “பாலம் தாண்டி ஒரு டீக்கடை இருக்கும், அதக் காட்டலயே” என்றார்.

“டீக்கடைய நீங்க காட்டுங்கண்ணே. அதுக்கும் பொட்டி எதுக்கு” என்றான் மெர்வின்.

வியாழக்கிழமை ஜனகராஜின் வேனிலேயே புறப்படுவது என்று முடிவானது. மிச்சம் இருந்தது பெரிய பெட்டி. மெர்வின் இடுக்கில் இருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, இதை நான் யாரிடம் விற்பது என்று தலையில் கை வைத்தான். பூஜையில் வைத்ததைத் திருப்பிக் கொடுப்பதா என்று பத்மாசினி மறுபக்கம் நின்றாள். ரவிசங்கர் இரண்டு பேரையும் கையமர்த்தினார். தன் வீட்டு வாசலைச் சரியாகச் சொன்ன பெட்டி, அதைத் தானே வாங்கிக் காரில் வைத்துக்கொள்கிறேன் என்றார். இந்த வீட்டுப் பூஜை அந்த வீட்டுக்கும் ஆகும் என்று பத்மாசினி ஒத்துக்கொண்டாள்.

சுனௌலியில் வரி கட்டிச் சீட்டு வாங்க அரை நாள் ஆனது. கேட்டைத் தாண்டும்போது ஜனகராஜ் ஹாரன்கூட அடிக்கவில்லை. புட்வல் கடைத்தெருவைத் தாண்டியதும் பெட்டி காட்டியபடியே சாலை வலப்புறம் வளைந்தது. இரண்டு பக்கமும் மலை ஒரேயடியாக எழுந்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவதில், சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், வேனை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கிவிட்டார்.

உள்ளே சலசலப்பு எழுந்தது. சீனியம்மாள் ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

“என்னாச்சு? வண்டிக்கு எதுவும் ரிப்பேரா?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்றார் ஜனகராஜ், திரும்பாமலே. “ரெண்டு நிமிஷம் இரு. பாத்துட்டு வாரேன்.”