பங்கு போட்ட மாத்திரை

கருமத்தம்பட்டித் தறிக் குடோனில் ராசாத்தாளுக்கும் பழனியாத்தாளுக்கும் அடுத்தடுத்த தறிகள். பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாத குடோன். ஒதுங்க வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டிச் சோளக்காட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் நூல் அறுந்தால் துணி பாழ். ஆகவே காலையில் ஒரு டீயோடு சரி, பொழுது சாயும்வரை இருவரும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். தாகத்தை அடக்குவதில் என்ன பெருமையோ, பதினோரு வருடம் அப்படியே ஓட்டிவிட்டார்கள்.

ஆவணியில் ராசாத்தாளுக்கு விலாவுக்குப் பின்னால் குத்தல், குளிர்காய்ச்சல், நீர் பிரியும்போது நெருப்பாய் எரிச்சல். கிட்னியில் கிருமி என்று சொல்லி டாக்டரம்மா பதினாலு நாள் மாத்திரை எழுதினார். ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டது. அந்த வாரம்தான் பழனியாத்தாளும் காய்ச்சலோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத்தான் நல்லாயிருச்சே, மீதியை நீ போட்டுக்க அம்மணி. ஒரே நோவுதானே?” என்றாள் ராசாத்தாள். சோற்றையும் குழம்பையும் பங்கு போட்டே பழகிய கை, மருந்தையும் பங்கு போட்டது.

இருபதாம் நாள் ராசாத்தாளுக்குக் காய்ச்சல் திரும்பியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கையில், மீதி மாத்திரை எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். அவள் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அவங்களை இன்னைக்கே வரச் சொல்லுங்க. காய்ச்சல் அடங்குனா நோய் போயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க.”

பழனியாத்தாளுக்கு வந்தது அதே நோவு அல்ல. கல் ஒன்று சிறுநீர் வழியை அடைத்து, அதன் பின்னால் சீழ் கட்டியிருந்தது. அரைகுறை மருந்து காய்ச்சலை மட்டும் அமுக்கி, அவளைத் தினமும் தறிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இடது கிட்னியை எடுக்க வேண்டியதாயிற்று.

ராசாத்தாள் இம்முறை ஒரு மாத்திரைகூட விடாமல் விழுங்கித் தேறினாள். வேலைக்குப் போன முதல் நாளே, குடோனை ஒட்டிய வீட்டில் இருக்கும் முதலாளி முன்னால் போய் நின்றாள். “ஏனுங்க, உங்க ஊட்டுக் கக்கூஸை எங்களுக்குத் தொறந்து உடுங்க. இல்லாட்டித் தறியை நிறுத்திப்போட்டுப் போறேனுங்க.” பதினோரு வருடம் திறக்காத வாய். அவர் உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பழனியாத்தாளைப் பார்க்கப் போனாள். கட்டிலில் இளைத்துக் கிடந்தவளைக் கண்டதும் அழுகை முட்டியது.

“என்னாலதான் உனக்கு இப்படி ஆயிப்போச்சு.”

பழனியாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழுவாத கண்ணு. வெசத்தையா குடுத்தே? உனக்கு வேணுங்கற மருந்தைத்தானே குடுத்துப்போட்டே.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ராசாத்தாளுக்கு இருந்தது.