தென்பகுதி இளவரசன் ஏன் வென்றான்: ஒரு மாதிரி வகுப்பு

1. ஜீப் முந்தி வந்தது

வரலாற்றுப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராகக் கிளிநொச்சியில் வேலை பார்த்த காலத்தில், நிரந்தர நியமனத்துக்கான நேர்முகக் குழுக்களில் நானும் ஒருவனாக அடிக்கடி போயிருக்கிறேன். நியமனம் இல்லாமல் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியர்கள் எங்கள் முன்னிலையில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். குழுத் தலைவர் ஒரு கல்விப் பணிப்பாளர். வகுப்பு அவருக்குப் பிடித்தால் நியமனம். பிடிக்காவிட்டால் அடுத்த முறை. செல்வராணி என்ற தொண்டர் ஆசிரியைக்கு அடுத்த முறை கிடையாது. வயதெல்லை அந்த வருடத்தோடு முடிகிறது.

செல்வராணியின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியேறியவர்கள். அவர் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு சிறு பாடசாலையில் பல வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவருடைய மாதிரி வகுப்பு நாளில் நாங்கள் முதலில் போன பாடசாலையில் விண்ணப்பதாரி சுகயீனம் என்று வரவில்லை. அதனால் செல்வராணியின் பாடசாலைக்கு எங்கள் ஜீப் குறித்த நேரத்துக்கு முந்தியே போய்விட்டது. பிள்ளைகள் அப்போதுதான் தட்டோடு இருந்தார்கள். அங்கே காலைச் சாப்பாட்டைத் தாய்மார் முறை வைத்துச் சமைப்பார்கள். அன்றைய முறைக்காரி நெல் அறுக்கும் அரிவு வெட்டுக்குப் போய் வந்து உலை வைத்தபடியால் சாப்பாடு பிந்தியிருந்தது.

பணிப்பாளர் வகுப்பு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொடங்குவமோ தங்கச்சி?"

"பிள்ளையள் இப்பதான் சாப்பிடத் தொடங்கினதுகள் சேர். முடிச்சுக் கை கழுவின உடன தொடங்குவன்."

"எங்களுக்கு இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் கிடக்கு."

"ஓம் சேர். இதுகள் வெறும் தேத்தண்ணியோட வெளிக்கிட்டு வந்ததுகள். இருங்கோ, உங்களுக்கும் கதிரை போட்டிருக்கு."

பக்கத்தில் நின்ற பாடசாலை அதிபரின் முகம் வெளிறிவிட்டது. பணிப்பாளர் கதிரையில் இருந்தார், ஆனால் சாயவில்லை. என் பக்கம் குனிந்து, "பாத்தீரோ ஐசே, நியமனம் குடுக்க வந்த எங்களைக் காக்க வைக்கினம்" என்றார். நான் பாடத்திட்டத்தைப் புரட்டுவதுபோல் இருந்துகொண்டேன். ஆலோசகரின் தொழிலில் இது முக்கியமான பயிற்சி.

2. இரண்டு படைகள்

பாடம் இலங்கையில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நடந்த உள்நாட்டுப் போர். தென்பகுதியை ஆண்ட இளவரசன், தலைநகர் பொலனறுவையில் அரசனாக இருந்த தன் ஒன்றுவிட்ட சகோதரனோடு மோதுகிறான். ஏன் வென்றான் என்பதற்கு ஆசிரியர் வழிகாட்டியில் மூன்று காரணங்கள் உண்டு: தலைமைத்துவம், திட்டமிடல், ஒற்றுமை. நல்ல மாதிரி வகுப்பு என்றால் இந்த மூன்றும் கரும்பலகையில் வரவேண்டும். பணிப்பாளர் அதற்குத்தான் பேனையைத் திறந்து வைத்திருந்தார். நான் ஆண்டு எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு வியாதி.

செல்வராணி ஒன்றும் எழுதவில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்தார். யன்னல் பக்கம் தென்பகுதி, சுவர் பக்கம் பொலனறுவை.

"சண்டைக்கு முதல் என்ன செய்வியள்?"

"வாள் தீட்டுவம் ரீச்சர்," என்றான் சுவர்ப் பக்கத்து டிலக்சன்.

"நாங்கள் குளம் கட்டுவம். நெல்லுச் சேர்ப்பம்," என்றாள் யன்னல் பக்கத்துக் கஜனி.

"நீங்கள் மண் சுமந்துகொண்டிருங்கோ. நாங்கள் வந்து பிடிக்கிறம்."

"வாங்கோவன். அரிவு வெட்டு நேரம் வந்தியள் எண்டால் உங்கட படையில பாதி வயலுக்குப் போயிடும்."

"ராசா விடமாட்டார்."

"ராசா மறிப்பார். பிறகு ராசாவுக்கு ஆர் சமைக்கிறது? நீயோ?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பணிப்பாளரைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். உண்மையில் கஜனி சொன்னது பழைய நூல்களுக்கு விரோதமில்லை. அந்த இளவரசன் படை எடுக்குமுன் குளங்களையும் களஞ்சியங்களையும்தான் கவனித்தான் என்று அவையே சொல்கின்றன. வழிகாட்டி எழுதியவர்கள் அதைத் 'திட்டமிடல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் சோறு தெரியாது.

கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்:

"தோத்த பக்கத்துச் சனம் எங்க போனது ரீச்சர்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதிபர் நிலத்தைப் பார்த்தார். அந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது.

"புத்தகத்தில இல்லை அம்மா," என்றார் செல்வராணி. "நாங்கள் அதை நாளைக்குக் கதைப்பம்."

பணிப்பாளர் எழுந்தார். கரும்பலகை அப்போதும் வெறுமையாக இருந்தது. நியமனம் போய்விட்டது என்று நான் நினைத்தேன். செல்வராணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டார்.

"சரி பிள்ளையள். இளவரசனின் வெற்றிக்கான காரணங்கள் எவை?"

பணிப்பாளர் அதைப் புத்தகத் தமிழில் கேட்டார். இரண்டு படைகளும் ஒன்றாக எழுந்து கையைக் கட்டின.

"தலைமைத்துவம். திட்டமிடல். ஒற்றுமை."

டிலக்சனின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது. தன் படை தோற்றதில் அவனுக்குத் துளியும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நான் ஆண்டைக் கேட்டேன். அதையும் சொன்னார்கள், சரியாகவே.

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "நல்லது. இருங்கோ," என்றார்.

வெளியே வந்தபோது செல்வராணியிடம் மெதுவாகக் கேட்டேன். "மூண்டையும் எப்ப படிப்பிச்சனீங்கள்?"

"போன கிழமை சேர். அது கேக்க வாறவைக்கு. இண்டைக்கு எடுத்தது பிள்ளையளுக்கு."

3. ஜீப்புக்குள்

திரும்பும் வழியில் ரிப்போட்டை நான் எழுத, பணிப்பாளர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை கெட்டிக்காரி. சிபாரிசு எண்டு போடும். காரணம்... வகுப்பறைத் தலைமைத்துவம். பிறகு திட்டமிடல். பிறகு மாணவரின் ஒற்றுமை."

நான் எழுதினேன். பிறகு, "பிள்ளையளுக்குச் சாப்பாடு முடியும் மட்டும் ரீச்சர் எங்களை இருத்தி வைச்சவ. அதையும் ஒரு வரி போடட்டோ சேர்?" என்றேன்.

அவர் வெளியே வெட்டி முடித்த வயல்களைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் பசியோடு பள்ளிக்கூடம் போனவர்தான், எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அது சரியான காரணம்தான் ஐசே," என்றார். "ஆனால் அதை மேல அனுப்பேலாது."

செல்வராணிக்கு நியமனம் கிடைத்தது.

இனிமேல் இப்படியான குழுக்களில் போய் இருக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வெற்றிக்கு எழுதப்பட்டிருக்கும் காரணங்களை வாசிக்கும்போது அவை பொய் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பொய்யாக இராது. மேலே அனுப்பக்கூடியவை மட்டும் அதில் இருக்கும். அந்த இளவரசனின் அவையிலும் ஓலையோடு ஒருவன் இருந்து, 'இதையும் ஒரு வரி போடட்டோ' என்று கேட்டிருப்பான்.

அவனும் போடாமல்தான் விட்டிருப்பான்.