கரைக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீர்

நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். கடையில் தராசுத் தட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பருப்பு வாங்குவேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்கள் உளுந்துக் காட்டுக்கு மேற்கே நிலம் வாங்கி, எலுமிச்சைக்குத் தண்ணீர் தேக்க ஓடையை மறித்து மண்கரை போட்டார். இனி கிணறுகளில் தண்ணீர் ஊறும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் தூரத்தை அளந்து பார்த்தேன். கரைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு ஏக்கர் உளுந்துதான். கரை உடைந்தால் முதலில் போவது எங்கள் வீடு. அதில் நானும் என் வீட்டுக்காரரும், ஒரு பசுவும் அதன் கன்றும்.

முதலாளி அதை டேம் என்பார். என் கண்ணுக்கு அது கரிசல் மண்ணைக் குவித்து, மேலே டிராக்டர் ஓட்டி அமுக்கிய மேடு, அவ்வளவுதான். கரிசல் கோடையில் என்ன பாடுபடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சித்திரையில் கரைமேல் ஏறி ஒரு வெடிப்புக்குள் தொரட்டிக் கம்பை விட்டேன். முழங்கை ஆழத்துக்குத் தடையில்லாமல் இறங்கியது. மறுவாரம் போய்ப் பார்த்தால் வெடிப்பைக் காணோம். மேலாக மண்ணை இழுத்து மூடியிருந்தார்கள், புண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி. அந்தத் தீபாவளிக்கு முதலாளி கடம்பூர் போளி கொடுத்துவிட்டார். எதை மறைக்க இந்தப் போளி என்று கேட்டேன். "முதல்ல தின்னு, பொறவு சந்தேகப்படு" என்றார் வீட்டுக்காரர். தின்றேன். சந்தேகம் போகவில்லை.

ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கரையின் கழுத்துவரை ஏறியது. மழை விட்டுப் பத்து நாள் வெயில் அடித்தும் கரையடியில் ஓர் இடம் மட்டும் காயவேயில்லை. பக்கத்து மேட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஆடுகளுக்கு அங்கேதான் தண்ணீர் காட்டினார். அவரிடம் கேட்டேன்.

"அங்கன ஊத்து விழுந்திருக்கு மதினி. இளநி கணக்கா இருக்கு" என்றார். முதலாளியோடு சேர்ந்துகொண்டு இவரும் மழுப்புகிறாரோ என்று நினைத்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்தார். குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "அக்கா, மண்கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வந்தாத்தான் உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்பச் சொல்லுங்க, ஓடி வாரேன்."

நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பயம். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து ஜன்னலில் வைத்தேன். மண் இருந்தால் மத்தியானத்துக்குள் அடியில் படிந்துவிடும். படியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஒருநாள் கலங்கல் தெரிந்ததும் முதலாளியை வரவழைத்தேன். ஆடு மிதித்த கலங்கல். இன்னொரு நாளும் வந்தார். அது இரவு பெய்த தூறல் இழுத்துவந்த மண். அதன் பிறகு நான் கூப்பிட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று போனை வைத்துவிடுவார்.

கார்த்திகையில் ஒருநாள் காலை தண்ணீர் கறுப்பாக வந்தது. மழையில்லை. ஆடுகள் கிடையை விட்டு இன்னும் கிளம்பவில்லை. மத்தியானம் பாட்டிலின் அடியில் ஒரு விரல்கடை மண்.

"ஆடு மிதிச்சிருக்கும்க்கா" என்றார் முதலாளி. "இங்க லோடு ஏத்திக்கிட்டு இருக்கோம். பொறவு பாப்போம்."

மறுநாள் இரண்டு விரல்கடை. அவர் போனை எடுக்கவேயில்லை. பாட்டிலை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுட்டி. அள்ளும்போது நீ கையை விட்டுக் கலக்கலையே?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் பாட்டிலை அவர் கையில் திணித்தேன். "நீங்களே போயி அள்ளிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனவர் ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பில்லை, கையில் பாட்டிலும் இல்லை. நேராகப் போய்ப் பசுவை அவிழ்த்தார். பிறகுதான் போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, நான்தான் பேசுதேன். என் கண்ணால பாத்தேன். தொடைத் தண்டிக்குத் தண்ணி பிச்சுக்கிட்டு வருது."

அரைமணி நேரத்தில் முதலாளி நான்கு ஆட்களோடு வந்துவிட்டார். அவரே தண்ணீரில் இறங்கி மடைப் பலகையைத் தூக்கினார். எலுமிச்சைக்குத் தண்ணீர் இறைக்கும் இரண்டு டீசல் மோட்டார்களும் இரவு பகலாக ஓடின. நாங்கள் பசுவும் கன்றுமாக மேட்டில் நின்றோம். ஆட்டுக்காரர் தன் குடிசையில் பாதியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் ஓட்டைக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. முதலாளி நெஞ்சுவரை நனைந்தபடி மேடேறி வந்து என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை நீங்க சொன்னீங்க அண்ணாச்சி."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் போன பிறகு கேட்டேன். "நான் ரெண்டு நாளா சொன்னேன்லா. ஏன் நம்பல?"

கன்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "நம்ம மருமக உன் கம்மலை எடுத்துட்டான்னு சொன்னேல்லா. அப்பவும் இப்பிடித்தான் அடிச்சுச் சொன்ன."

அந்தக் கம்மல் ஒரு மாதம் கழித்து அரிசிப் பானைக்குள் கிடந்தது. மருமகள் அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் போய் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேறு யார் சொல்லியிருந்தாலும் முதல் நாளே மடையைத் திறந்திருப்பார்கள். நான் சொன்னதால் இரண்டு ராத்திரி அந்தக் கரைக்குக் கீழே தூங்கியிருக்கிறோம். அதை நினைத்ததும் கன்றின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.