ஆடோ, கோழியோ?

"ஆடோ, கோழியோ?"

தொலைபேசியை எடுத்தால் மஃரூப் நானா சொல்லும் முதல் வார்த்தை இதுதான். ஹலோவும் இல்லை, ஸலாமும் இல்லை. ஒருமுறை வங்கியிலிருந்து பேசிய வெள்ளைக்காரப் பெண்ணிடமும் இதையே கேட்டுவிட்டார். பாவம் அவள், அது யாரோ ஒருவரின் பெயரென்று நினைத்து, "நோ, கிறிஸ்ரினா" என்றாளாம்.

நாங்கள் குடியேறிய இந்தப் பனி நாட்டில், மல்வேர்ன் என்ற இடத்தில் ஒரு சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே அவருடைய சமையல்கட்டு. மேசை, கதிரை கிடையாது. ஓடருக்குப் புரியாணி போடுவார், வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிடாரத்துக்குள் அகப்பையை விட்டால் கையோடு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் சுற்றும். உப்பை நாக்கில் வைத்துப் பார்க்கவே மாட்டார், மோந்து பார்த்துத்தான் சொல்வார். நோன்பு மாதத்தில் வந்த பழக்கமாம், வருடம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. மனைவி ஸகியாவுக்கு அந்த மூக்கில் நம்பிக்கை இல்லை. பின்னால் வந்து ஒரு சொட்டுச் சுவைத்துவிட்டு, ஒரு பிடி உப்பைப் போடுவார். நானா கண்டும் காணாதவராக வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

யாழ்ப்பாணத்துச் சோனகதெருக்காரர். தொண்ணூறில் எங்கள் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். இங்கே அவர் சமைப்பதோ பெரும்பாலும் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்கு. மனதில் ஒன்றும் இல்லையா என்று ஒருநாள் மென்று விழுங்கிக் கேட்டேன். "ஏன், உங்கட வீட்டுச் சாப்பாட்டில உப்பைக் கூட்டியே போட்டனான்?" என்றார். நான் சிரித்துத் தப்பினேன்.

2008 இலையுதிர் காலத்தில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆட்களை லே-ஓஃப் செய்து வீட்டுக்கு அனுப்பின. நானாவின் அடுப்பிலிருந்து முதலில் ஆடு போனது. வழக்கமான பிறந்தநாள்காரர்கள் கோழிக்கு இறங்கினார்கள். பனி விழ, கோழியும் போய் முட்டை வந்தது. "முட்டையெண்டாலும் புரியாணிதானே நானா?" என்று கூசிக் கேட்பவர்களிடம், "ஓமோம், கோழியின்ர பிள்ளைதானே!" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு வைப்பார்கள். இவர் போய் உரிக்கத் தொடங்குவார். அவித்த முட்டை உரித்து உரித்து நகக்கண் புண்ணானது அந்தக் குளிர்காலத்தில்தான்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். 2009 வைகாசியில் முட்டையும் நின்றது, ஆனால் அதற்குக் காரணம் காசு இல்லை. வன்னியில் போர் முடிந்த விதத்தில் இங்கே வீட்டுக்கு வீடு சாவு, இல்லாவிட்டால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற தவிப்பு. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தை விட்டுவிட்டுக் கலியாணங்களைத் தள்ளி வைத்தார்கள். முதலில் சிரித்த வீடு என்று பெயர் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஓடர் கேட்டு நானாவும் யாரையும் கூப்பிடவில்லை. "செத்த வீட்டு வாசல்ல நிண்டு யாவாரம் கேக்கலாமே?" என்றார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொலைக்காட்சியில் கோட் போட்ட ஒருவர் பொருளாதார மந்தம் முடிந்துவிட்டது என்றார். "உவர் எந்த ரோட்டில இருக்கிறார்?" என்று நானா திரையைப் பார்த்துக் கேட்டார். தொழிற்சாலைகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிடத்தான் செய்தன. சமையல்கட்டுத் தொலைபேசிதான் அடிக்கவில்லை. வெகுதூரத்து அல்பேர்ட்டாவில் மாடு வெட்டும் தொழிற்சாலையில் ஸகியாவின் தம்பி மின்ஹாஜ் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். தை முடியச் சமையல்கட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு நானா தனியே போவது, ஸகியாவும் பிள்ளைகளும் இங்கே இருப்பது என்று முடிவாயிற்று. "ஆட்டைச் சமைச்ச கை மாட்டை வெட்டப் போகுது," என்று பகிடி விட்டார். ஸகியா சிரிக்கவில்லை.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மோர்னிங்சைட்டிலிருந்து கமலாம்பிகை அக்கா பனிச் சப்பாத்தோடு உள்ளே வந்தார். மகள் சாம்பவியின் கலியாணத்தைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தவர். அவருடைய தம்பி குடும்பம் போரில் அகப்பட்டு, பிறகு முட்கம்பி முகாமில் கிடந்தது.

"தம்பியாக்களை வெளியில விட்டிட்டாங்கள், நானா. நேற்று கதைச்சவன். பிள்ளையள் எல்லாரும் இருக்கினம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஸகியா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட வீட்டுக்காரரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்கள். தையில வைப்பம் எண்டிருக்கிறம். காலமை கோயில்ல தாலி, பின்னேரம் ஹோலில சாப்பாடு. எங்கட பக்கத்தில இன்னும் நாலைஞ்சு கலியாணம் காத்துக்கொண்டு நிக்குது, ஆர் முதல்ல வைக்கிறதெண்டு." குரலைத் தாழ்த்தினார். "முட்டை போடுவமோ நானா? அங்க சனம் செத்துப்போக, உவை ஆடு தின்னினம் எண்டு கதைப்பினம்."

நான் நானாவைப் பார்த்தேன். ஆடு என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். இந்த வீடு தலைநிமிர்ந்து ஆடு போட்டால் மற்ற வீடுகளும் வரும், அவர் அல்பேர்ட்டா போகத் தேவையில்லை.

"முட்டையெண்டா முட்டை, அக்கா. வடிவாச் செய்து தருவன்," என்றார் அந்த மனுசன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அக்கா வாசல்வரை போனார். கதவில் கை வைத்தபடி நின்றார்.

"தம்பி என்ன கேட்டவன் தெரியுமே? 'இவ்வளவு நாளும் கஞ்சியோட கிடந்தனாங்கள், பிள்ளையின்ர கலியாணத்துக்கு என்ன சாப்பாடு? சொல்லக்கா, கேட்டாவது பாப்பம்' எண்டு கேட்டவன். அவனுக்கு நான் முட்டையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "ஆட்டைப் போடுங்கோ, நானா. கதைக்கிறவை கதைக்கட்டும்."

நானா "ஓம்" என்றார். மூலைக்குப் போய் ஃபிரீசர் பெட்டியின் மூடியைத் தூக்கினார். அதற்குள் ஒரு துண்டு இறைச்சி கிடையாது, பல மாதமாக வெறும் பனிதான். குனிந்து அதற்குள் தலையை விட்டார். முதுகு குலுங்கியது.

"என்ன நானா தேடுறியள்?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்கு இடம் பாக்கிறன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தலை வெளியே வரவில்லை.