படுகை அவர்களுக்கு, மேடு எங்களுக்கு

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி சொத்துப் பிரித்தால் மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கத்தால்தான் இத்தனை வருடமாக என் வயிறு எரிகிறது.

என் கணவர் இளையவர். போடிக்கு மேற்கே கொட்டக்குடி ஆற்றை ஒட்டி மாமனாருக்கு இருந்த நிலத்தை அவருடைய அண்ணன் இரண்டாக வைத்தார். ஒன்று ஆற்றோரப் படுகை, மற்றது அதற்கு மேலே மேட்டு நிலம். அப்போதுதான் ஆறு பெருகி, படுகை முழுக்க மணலையும் உருட்டுக் கல்லையும் தள்ளிவிட்டுப் போயிருந்தது. என் கணவர் ஒரே பார்வை பார்த்துவிட்டு, "மேடு எனக்கு" என்றார். கெட்டிக்காரரைக் கட்டியிருக்கிறோம் என்று நானும் பூரித்துப் போனேன்.

அவர்கள் கல்லைப் பொறுக்கிக் கரையில் போட்டார்கள். அடுத்தடுத்த மழைகளில் குரங்கணி மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கரை தாண்டிப் படுகையில் பரவி, வேகம் குறைந்து, வண்டலை இறக்கிவிட்டு வடிந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு படலம் புது மண். தென்னை காய்த்துத் தள்ளியது. வாழைக்கு முட்டுக் கொடுத்து மாளவில்லை. எங்கள் மேட்டில் நாலு இலவ மரமும் மழையைப் பார்த்து நிற்கும் சோளமும். போடிக்கு ஏலக்காய் தரம் பிரிக்கப் போகும்போது அந்த வாழைத் தோட்டத்தைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு நாளாவது தலையைத் திருப்பாமல் போயிருப்பேனா என்றால், இல்லை.

போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் யாரும் பார்த்திராத அளவுக்குத் தண்ணீர் வந்தது. அது வடிந்த பிறகு ஒரு பொறியாளர் வரைபடத்தோடு வந்து ஊர்க்கூட்டத்தில் பேசினார். ஆற்றின் இருபக்கமும் நீலம் தீட்டியிருந்தது. எங்கள் மேடு வெள்ளையாக இருந்தது.

"இந்த நீலம் பூரா வெள்ளச் சமவெளி. நீங்க படுகைன்னு சொல்றது. கோடையில காலியா கிடந்தாலும் இது ஆத்தைச் சேர்ந்ததுதான். இந்தக் கடைசிக் கோடு வரைக்கும் வர்றதை நூறாண்டு வெள்ளம்னு சொல்லுவோம்."

வந்த வெள்ளம் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் போயிருந்தது. கூட்டத்துக்கே நிம்மதி. நூறாண்டு வெள்ளம் வந்தாயிற்று, இனி பேரப்பிள்ளைகள் காலத்துக்குத்தான் என்று சிரித்தபடி கலைந்தார்கள். என் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, அங்கேயே சொன்னாள்: "அப்பறம் என்ன, படுகையிலேயே வீட்டைக் கட்டிருவோம்." மாடி வைத்த வீடு, ஆற்றைப் பார்த்த வாசல்.

எனக்குக் காதில் புகை வந்தது. பொறியாளர் ஜீப்பில் ஏறுவதற்குள் ஓடிப்போய் மறித்து, இனி நூறு வருடம் வராதா என்று கேட்டேன்.

"அப்படி இல்லம்மா. எந்த வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். தாயம் ஒருதரம் விழுந்துட்டா அடுத்த உருட்டுல விழாதா? அது மாதிரிதான்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த வீடு வரக்கூடாது, அவ்வளவுதான். அவள் மேல் உள்ள அக்கறையில் போனேன் என்று சொன்னால் என் நாக்கே நம்பாது. நேராக அவளிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, அடுத்த வருஷமே கூட வருமாம். படுகையில சுவரு எழுப்ப வேணாம்."

அவள் வாழையிலை அறுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு வயிறு எரியுதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்த்தா. ஆனா நீ பொய் சொல்ல மாட்ட."

அன்று சாயங்காலம் மூத்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேட்டில் ஓரமாக வீட்டுக்கு இடம் கிடைக்குமா என்று தம்பியிடம் கேட்டார். ஈடாகப் படுகையில் ஒரு துண்டு கேட்கலாம் என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் என் கணவர், "எடுத்துக்கங்கண்ணே, இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று சொல்லிவிட்டார். கையிலிருந்த காபித் தம்ளரை நான் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

மாடி வீடு எழும்பியது. போன ஐப்பசியில் மலை கறுத்து, ஆறு மறுபடி அதே கோட்டுக்கு வந்தது. வீடு கட்ட நினைத்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் சுழன்றது. ஊரே எங்கள் மேட்டில் நின்று பார்த்தது. "இவ சொல்லலைன்னா எங்க கதி என்ன" என்று அவள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெரிய மனசுக்காரி என்று பெயர்.

தண்ணீர் வடிந்ததும் கணுக்கால் புதையும் வண்டல். அவள் ஒரு பிடி அள்ளி வந்து என் உள்ளங்கையில் வைத்து, "நெய்யாட்டம் இருக்கு பாரேன்" என்றாள். இருந்தது.

அவளுடைய மாடி ஜன்னல் என் அடுப்படிக்கு நேர் எதிரே. காலையில் அவள் என் மேட்டில் நின்று தன் படுகையைப் பார்க்கிறாள். நான் உலை வைத்துவிட்டு அவளைப் பார்க்கிறேன்.