மரவள்ளிக் காட்டில் இறங்க வந்த விமானம்

ஜப்பான்காரன் எங்கள் மலைத்தோட்டத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். மேட்டில் நீளமாகத் திருத்திய செம்மண்ணை நாங்கள் கொத்திக்கொண்டிருந்தபோது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஜப்பான் விமானம் ஒன்று சக்கரங்களை இறக்கியபடி தாழ்ந்து வந்தது. ஓட்டியவன் எங்கள் காட்டை விமானத் தளம் என்று நினைத்துவிட்டான். காட்டின் முடிவில் பெரும் பள்ளம்.

“வரட்டும் லா. விழுந்து சாவட்டும்,” என்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதி.

எனக்கும் அதுதான் ஆசை. என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போடும் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனவர்கள் அவர்கள். ஆனாலும் தலைத்துண்டை அவிழ்த்து, போ போ என்று வீசிக்கொண்டே எதிரே ஓடினேன். விமானம் உறுமிக்கொண்டு மேலே எழும்பிப் போய்விட்டது.

“ஏன்டி அப்படிச் செஞ்ச?” என்றாள் பார்வதி. நான் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு கொத்தப் போனேன்.

கணவர் திரும்பவே இல்லை. சயாமில் அவருக்காக யாராவது ஒரு துண்டை வீசியிருப்பார்களா என்று நினைத்தால், இன்றும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.